நாலு செக்கன்

அளவைக்காரர் வந்துபோன அன்று
என் வாடி நடுவில் ஒரு கொங்கிரீட் குற்றி முளைத்திருந்தது.
உச்சியில் சிவப்பு மை, பக்கத்தில் ஓர் இலக்கம்.
அரிந்து காயவைத்த ஆறங்குலக் கல்லை
அதைச் சுற்றி வளைத்து அடுக்கினோம்,
மரத்தை வெட்டப் பயந்து
மதிலை வளைத்துக் கட்டுகிறமாதிரி.

அதிவேக ரயில் வருகிறதாம்.
கொழும்பில் ஏறினால் மூன்று மணித்தியாலம்.
செங்கலடிச் சந்தியில் எல்லாரும் என்னைத்தான் வாழ்த்தினார்கள்.
"உனக்கென்ன கா, இனிக் கல்லெல்லாம் காசு."
நானும் நம்பினேன்.
காப்பை வங்கியில் வைத்து
இரண்டாவது மெஷின் எடுத்தேன்,
ஓர் அமுக்கில் மூன்று கல் தள்ளுகிறது.

அவர்களுக்கு என் கல் தேவைப்படவில்லை.
தூண் வார்ப்பு, பாலம் வார்ப்பு,
சிலிப்பர் கட்டை எங்கோ ஃபெக்டரியில் வார்த்து
லொறியில் வந்து இறங்கியது.
முகாமின் சுவர்கூடத் தகரம்.

என் மணல் தேவைப்பட்டது.
முந்தனையாற்று மணல்,
கரடியனாற்றுக் கல்தூள்,
பிறகு ஏறாவூர் அஸ்மீரின் டிப்பர்,
பிறகு அஸ்மீர்.
"குறை நினைக்காதீங்க தாத்தா,
இங்க லோட் கணக்கு, அங்க நாள் கணக்கு.
சும்மா நின்றாலும் காசு."

பதினெட்டுக்கு இறங்கிய ஒரு கியூப்
இருபத்திநாலு, இருபத்தொன்பது, முப்பத்திநாலு ஆயிரம்.
தகரக் கதவில் கரியால் எழுதி எழுதி
கதவில் இடமில்லாமற் போனது.

மேசன்மாரில் குணநாயகம் மூன்றாவதாய்ப் போனார்.
மட்டக்குழாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டார்.
அங்கே எல்லாம் லேசர் என்றார்களாம்,
இருந்தாலும்.

பொய் சொல்லக்கூடாது.
கட்டாருக்குப் போயிருந்த ரதீசன்
இந்த வேலைக்காகத்தான் திரும்பி வந்தான்.
தலையில் மஞ்சள் தொப்பி, சம்பளச் சீட்டில் ஈ.பி.எஃப்.
மகள் பிறந்து நாலு வருடத்துக்குப் பிறகு
அவளைப் பள்ளிக்குக் கூட்டிப்போனான்.
அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு
ரயிலைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் யோகராணியின் வீடு
லின்டலோடு நின்றது.
கூரைமட்டம் வந்தால்தான் வங்கி
இரண்டாம் தவணை கொடுக்கும்.
கூரைமட்டத்துக்குக் கல் வேண்டும்,
கல்லுக்கு மணல் வேண்டும்,
மணல் ரயிலுக்குப் போய்விட்டது.
கார்த்திகை மழையில் கம்பி துருப்பிடித்து
சுவரில் கீழ்நோக்கி ஒழுகியது,
வெற்றிலை துப்பினமாதிரி.

குற்றியைப் பார்க்க வந்த இளம் எஞ்சினியரிடம் கேட்டேன்:
இந்த இடத்தில் ரயில் நிற்குமா, தம்பி?
சிரித்தார். நல்ல பிள்ளைதான்.
கல்குலேட்டரைத் தட்டிவிட்டுச் சொன்னார்:
"உங்கட வாடியை நாலு செக்கன்ல கடந்திடும்."

மாசியில் முகாமின் ஜெனரேட்டர் அணைந்தது.
மேல் கொந்தராத்துக்காரர் கீழவருக்குக் கொடுக்கவில்லை,
கீழவர் அதற்கும் கீழவருக்கு.
அஸ்மீர் டிப்பரோடு திரும்பி வந்தான்,
நாலு மாத பில் பைக்குள், டயர் இரண்டு மொட்டை.
குணநாயகம் இன்னும் வரவில்லை.
அடுத்த கிழமை காசு வருமென்று
முகாம் வாசலிலேயே இருக்கிறாராம்.
போன ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்புகிறார்கள்.
ஏறின விலை மட்டும்
முப்பத்திநாலில் குந்திக்கொண்டிருக்கிறது.

இன்று விடிய யோகராணி வந்தாள்,
இரவு டியூட்டி முடித்து, தாதி உடுப்போடு.
கல் அடுக்கில் இருந்தாள். ஏசவில்லை.
"எத்தனை குறை, கா?"
"எழுநூற்று இருபது."
பழைய விலையா, புது விலையா என்று
அவள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.
அஸ்மீர் சவளால் கலவையை அள்ளிப் போட்டான்.
சுவிட்சைத் தட்டினேன்.
மெஷின் நடுங்கத் தொடங்கியது.

ஒன்று, இரண்டு,
ஏனென்று தெரியாமல் எண்ணினேன்,
மூன்று, நாலு.

கலவை அச்சுக்குள்
இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.