முதல் அளவைச் சேர்க்க வேண்டாம்

கால்மேல் கால் போடாதீர்கள்.
முதுகு நாற்காலியில் சாயட்டும்.
கை, நெஞ்சின் உயரத்தில்.
காப்பி குடித்து அரை மணி ஆயிற்றா?
இனி ஐந்து நிமிடம்
நீங்களும் பேசக்கூடாது, நானும் பேசக்கூடாது.

நாளுக்கு இருபது முறை இதைச் சொல்கிறேன்,
தமிழில், ஆங்கிலத்தில், பிழையான மலாயில்.
மாண்டரினில் மட்டும்
உதட்டின்மேல் விரல்.

புக்கிட் பாத்தோக் பலதுறை மருந்தகம், பதினாறாம் அறை.
ஆய்வு தொடங்கி ஏழாவது மாதம்.
வருபவர்கள் கொதிப்பு என்பார்கள்,
நான் அழுத்தம் என்று எழுதுவேன்.

பழைய கோப்புகளைப் புரட்டியபோது
நூற்று நாற்பது, நூற்று ஐம்பது, மீண்டும் நூற்று நாற்பது.
ஒரு பேட்டையே பூஜ்யத்தில் முடிந்திருந்தது.
பாதரசம் அப்படி வந்து நிற்காது.
பகல் பன்னிரண்டு மணிக்கு
எழுபதாவது முழங்கையில் குழலை வைத்த
செவிலியின் காதுதான் அங்கே நின்றுவிடும்.
அந்தச் செவிலி நானாகவும் இருந்திருக்கிறேன்.

இப்போது இயந்திரம் அளக்கிறது, மூன்று முறை.
முதல் அளவைச் சேர்க்க வேண்டாம் என்கிறது நெறிமுறை.
அதில் இருப்பது
லிஃப்டைப் பிடிக்க ஓடியது, வரிசைச் சீட்டு,
என் சீருடை.
திருவாட்டி குவெக்குக்கு முதலில் 162, கடைசியில் 131.
நடுவில் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், அவ்வளவுதான்.

பங்கேற்பாளர் 0417.
சொர்ணவேலு, வயது ஐம்பத்தொன்பது, துவாஸில் பாரந்தூக்கி ஓட்டுகிறார்.
வீட்டுக்கு ஒரு கருவியும் நீல ஏடும் கொடுத்திருந்தோம்.
காலையில் இரண்டு, இரவில் இரண்டு, ஏழு நாள்.

ஏட்டைத் திறந்தேன்.
128, 78. 127, 78. 128, 79.
ஒரே மை. ஒரே சாய்வு.
"மாத்திரை நல்லா கேக்குது மிஸ்ஸி."

கருவிக்கும் நினைவு உண்டென்று
அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.
பொத்தானை அமுக்கினேன்.
அதிகாலை 3.10, 171.
3.25, 174.
மறுநாள் 2.48, 169.

"இந்த நேரத்துல ஏன் பாத்தீங்க?"
"அப்பத்தான் மிஸ்ஸி உக்காருவேன்."

வீட்டுக்காரி ராத்திரியெல்லாம் கதவைத் தட்டுகிறாளாம்,
உள்ளேயிருந்து.
பழைய வீட்டுக்குப் போகணுமாம்.
அந்த புளோக்கை இடித்துப் பத்து வருஷம்.
"லிஃப்டுல ஏத்தி, கீழ வரைக்கும் போயி,
மறுபடி மேல வந்தா
வந்துட்டோம்னு நம்பிப் படுத்துருவா.
அப்பறம் பட்டையைச் சுத்திப் பாப்பேன்."

"அப்ப இந்த ஏடு?"

"நேத்து எழுதினது.
நீங்க ஆராய்ச்சி பண்றீங்க.
கெட்ட நம்பரா குடுத்தா
நல்லாவா இருக்கும்?"

முரண்பாட்டுக்கான காரணம் என்று படிவத்தில் ஒரு கட்டம்.
ஒன்று மறதி, இரண்டு கருவிக் கோளாறு,
மூன்று பயணம், நான்கு மற்றவை.
பேனா மூன்றில் கொஞ்ச நேரம் நின்றது.
நான்கைக் குறித்தேன்.
டாக்டர் அம்லோடிபின் ஐந்தைப் பத்தாக்குவார்.
முதியோர் பகல் பராமரிப்புக்கான விண்ணப்பத்தையும்
அதோடு சேர்த்துப் பின் அடித்தேன்.
அது ஆய்வில் வராது.

பிறகு அவர் கையில் பட்டையைச் சுற்றினேன்.
ஐந்து நிமிடம். பேசக்கூடாது.

மூன்றாவது நிமிடத்தில் தலை சாய்ந்தது,
வாய் லேசாகத் திறந்தது.

நெறிமுறை இருபத்தாறு பக்கம்.
இருமினால், கைபேசி ஒலித்தால், கை நடுங்கினால்
என்ன செய்வதென்று இருக்கிறது.
தூங்கிவிட்டால் என்று இல்லை.

வெளியே திரையில் அடுத்த எண் ஒலித்தது.
மறுபடியும் ஒலித்தது.
கதவைப் பாதி திறந்து
எட்டிப் பார்த்தவரிடம்
உதட்டின்மேல் விரல் வைத்தேன்.

பதினேழு நிமிடம்.

குறிப்பில் எழுதியது:
விலகல். ஓய்வு நேரம் கூடுதல்.
அளவு எடுக்கவில்லை.