நாற்பத்தொன்றாம் மரம்

தைத் ஊரில் விவசாயத் துறைக் கொட்டகை.
மூன்று நாள் பயிற்சி, மதியம் பிரியாணி.
ஏசி நன்றாக இருந்ததில்
சீமைச்சாமி பத்து மணிக்கே உறங்கிவிட்டான்.

மிஸ்ரி பொறியாளர் அரபியில் சொல்வார்.
திரூர்க்காரர் குஞ்ஞாலன் அதை இந்தியாக்குவார்.
நான் எனக்குள் தமிழாக்குவதற்குள்
திரையில் படம் மாறிவிடும்.
பிடிபட்டது இவ்வளவுதான்:
சிவப்புக் கூன்வண்டு
பேரீச்சையை உள்ளிருந்து தின்னும்,
ஓலை கடைசிவரை பச்சையாகவே இருக்கும்.
மரத்துக்கு நாளொன்றுக்கு நூற்றைம்பது லிட்டர்.
ஒவ்வொரு லிட்டரும் நோட்டில் ஏறவேண்டும்.

இரண்டாம் நாள் செய்முறைக்கு
எங்கள் பண்ணைக்கே வந்தார்கள்.
வேலியோரக் கூண்டில் மர்ஜான்.
முதலாளி மகன் வாங்கிவந்த பெண்புலி.
வீட்டில் புலி வளர்க்கக் கூடாதென்று
அப்போது சட்டம் வந்திருக்கவில்லை.
கோழி போடுவது என் வேலை,
சம்பளம் மரங்களுக்கு மட்டும்.

பொறியாளர் ஆணிபோல் ஒன்றைத் தண்டில் செருகி
காதில் மாட்டிக்கொண்டு
மரம் மரமாய்ப் போய்க்கொண்டிருந்தார்.
மொஃபஸ்ஸல் மட்டும் மரத்தைப் பார்க்கவில்லை.
அவனுக்கு சாத்கீரா, அலையாத்திக் காட்டின் விளிம்பு;
தேனெடுக்கப் போனால்
பிடரியில் ஒரு முகமூடி கட்டிக்கொள்கிற ஊர்.
"அதன் காதைப் பாருங்கள்" என்றான்.
மர்ஜானின் இரண்டு காதும்
கிழக்கு வரிசையில்
நாற்பத்தொன்றாம் மரத்தின் மேல் நின்றன.
அங்கே புறா ஏதும் இருந்ததா என்று
நான் அண்ணாந்து பார்க்கவில்லை.

கருவி ஒவ்வொருவர் காதுக்கும் வந்தது.
நமுத்த அப்பளத்தை
பக்கத்து அறையில் யாரோ
அவசரமில்லாமல் மெல்லுகிற சத்தம்.
"பூனைக்குச் சான்றிதழ் கிடையாது"
என்று பொறியாளர் சிரித்தார்.
மரத்தில் சிவப்பு பெயிண்ட்.
பலதியா வண்டி வந்து வெட்டும்வரை
தண்ணீரை மூடிவை என்றார்.

வண்டி வர ஏழு வாரமானது.

மூடத்தான் செய்தேன், மரத்தின் பக்கம்.
குழாயின் மறுமுனையை
கூண்டுக்குள் வெட்டிய குழியில் விட்டேன்.
ஏதோ நகரத்தில், சிமெண்டுத் தரையில்
பிறந்தவளாம் அவள்.
தட்டுக்கு மேல் தண்ணீர் கண்டதில்லை.
முகர்ந்தாள். விலகினாள்.
ஒரு சுற்றுச் சுற்றிவந்து
திரும்பி நின்று
பின்னங்கால் முதலில் இறங்கினாள்,
ஏணியிலிருந்து இறங்கும் கொத்தனாரைப்போல.
கழுத்துவரை அமிழ்ந்து
கண்ணை மூடிக்கொண்டாள்.

"எங்கள் ஓடையிலும் இப்படித்தான்,
முகத்தில் தண்ணீர் படக் கூடாது அதற்கு."
யார் பழக்கினார்கள் என்று கேட்டேன்.
மொஃபஸ்ஸல் பதில் சொல்லாமல்
பிடரியில் கிடந்த துண்டை
ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

கணக்கில் பொய் எழுத வரவில்லை எனக்கு,
பயிற்சி அந்த அளவுக்கு ஏறியிருந்தது.
மரம் 41: 150 லிட்டர்.
மரம் 41: 150 லிட்டர்.
நாற்பத்தொன்பது நாளும்.

சரிபார்க்க வந்த பொறியாளர்
விரலை அந்த வரியில் வைத்து
ஏதோ கேட்டார், இரண்டே சொல்.
குஞ்ஞாலன் என்னைப் பார்த்தார்.
கூண்டைப் பார்த்தார்.
கேள்வியை எனக்கு மொழிபெயர்க்காமலே
நீளமாக ஒரு பதில் சொன்னார் அரபியில்.
அது என்னவென்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.

பொறியாளர் கையெழுத்துப் போட்டார்.
பேனா கீறிய சத்தத்துக்கு
தண்ணீருக்குள்ளிருந்து
ஒரு காது மட்டும் திரும்பியது.