எந்த வலை

பழைய வண்ணாரப்பேட்டை, கல்லறை ரோடு.
என் தராசில் நோட்டுப் புத்தகம் பதினாலு ரூபாய்,
அட்டை எட்டு.
தோல் பைண்டிங்கை மில்லில் எடுப்பதில்லை,
உரித்துத்தான் போடவேண்டும்.

மூடிய பள்ளிக்கூடத்திலிருந்து
மீன்பாடி வண்டியில் வந்தது அது.
ஒரு கிலோ இருநூறு.
லத்தீனுக்கு இங்கிலீஷ் அர்த்தம், பள்ளிப் பிள்ளைகளுக்கு.
முதுகில் கத்தியை வைத்தவள்
முன்னுரையில் மாட்டிக்கொண்டேன்.

தொகுத்தவர்கள் இரண்டு பேர்.
டன்வுடி, பீல். வேறு வேறு ஊர் வாத்தியார்கள்.
ஏ முதல் எல் வரை இவர், எம்மிலிருந்து அவர்
என்று பாகம் பிரித்திருக்கிறார்கள்,
அண்ணன் தம்பி வீட்டுக்கு நடுவில்
சுவர் வைக்கிற மாதிரி.
சீட்டுகள் தபாலில் போய் வந்தனவாம்.
பதினோரு வருஷத்தில் நேரில் பார்த்தது ஒரே தரம்,
ஏதோ ரயிலடியில், மழையில்.

டன்வுடி தாராளம்.
தேனீக்கு அரைப் பக்கம்.
நாய்க்கு எட்டு விதமாய்க் குரைக்கத் தெரியும்.
பீல் அப்படியில்லை.
'மாரே: கடல்.'
அவ்வளவுதான்.
'மோர்ஸ்: சாவு.'
அதற்கும் அவ்வளவுதான்.

என்ன கஞ்சத்தனம் என்று திட்டிக்கொண்டே
முன்னுரைக்குத் திரும்பினால்
கடைசியில் பொடி எழுத்தில் பீலின் நன்றி,
சீட்டுகளை அடுக்கித் தந்த மனைவிக்கு,
'எல் முடியும்வரை இருந்தாள்.'
ஓ, என்றேன் வாய்விட்டு.
எடை போடும் சவரி திரும்பிப் பார்த்தான்.

ஆர் எழுத்தில்
'ரேட்டே: வலை.'
பக்கத்தில் பென்சிலில், தமிழில்:
'எந்த வலை?'
கீழே பொடிப்பொடியாய்
கவலை வலை, மணி வலை, கோலா வலை, கரைவலை,
மார்ஜின் போதாமல் மேலேறி
பக்க எண்ணைச் சுற்றி வளைத்து இழுக்கிறது எழுத்து.
வி-யில் 'வெந்துஸ்: காற்று.'
'வாடையா கொண்டலா சோழகமா, சொல்லுமய்யா.'
பின்னால் புரட்டினேன்.
கடலுக்கு அவன் எதுவும் எழுதவில்லை.
பீல் வைத்த முற்றுப்புள்ளியை மட்டும்
சுரண்டி எடுத்திருக்கிறான்.

முகப்பில், அச்சான இரண்டு பேருக்கும் கீழே,
'மற்றும் ம. இன்னாசி,
நாலாம் ஃபாரம், காசிமேடு, 1913.'
அதன் குறுக்கே சிவப்பு மை:
'புத்தகத்தைக் கெடுத்ததற்கு அபராதம் இரண்டணா.
வசூலானது.'

டன்வுடிக்கும் பீலுக்கும்
என்ன கிடைத்ததோ தெரியாது.
மூன்றாமவர் கையிலிருந்து கொடுத்தது
இரண்டணா.

ஆறு மணிக்கு மில் லாரி.
சவரி தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து
எழுத்துக்கூட்டிப் படித்தான்.
காசிமேட்டுக்காரன், வலை என்றால் விடமாட்டான்.
"டிஸ்கோ வலை இல்லியேக்கா."
அப்போ அது வரலைடா.
"இப்ப வந்துடுச்சில்ல."

மார்ஜினில் இடமில்லை.
உரிக்காமல் விட்ட அட்டையின் உள்பக்கம்
கையளவு காலி.
காதிலிருந்த பேனாவை எடுத்து நீட்டினேன்.
வாங்கிக்கொண்டு
சிவப்பு மையை ஒரு தரம் பார்த்தான்.
"ஃபைன் யாருக்கா கட்றது?"