முதல் சொல்

டண்டினோங் நூலகத்தின் சின்ன அறை
எட்டு மணி வரைதான் எங்களுக்கு.
எழுத்து வடிவு என்று சொல்லிப்
பேனையை என்னிடம் தள்ளிவிட்டார்கள்.
ஐந்து பெண்கள், ஒரு பை வறுத்த கச்சான்,
ஜூலைக் குளிருக்குக் கழற்றாத ஜாக்கெட்டுகள்.
துப்புரவுப் பணியாளர் கூட்டுறவு, கொள்கை அறிக்கை
என்று எழுதிக் கீழே இரண்டு கோடு இழுத்தேன்.
அதுவரை சண்டை இல்லை.

'நாங்கள்' எண்டு தொடங்கு, என்றார் கேதாரகௌரி அக்கா.
'நாம்'னு போடுங்க, என்றாள் மதுரைக்காரி செண்பகவல்லி,
நாங்கன்னா படிக்கிறவன் வெளிய நிப்பான்.
நிக்கட்டும்.
இருபத்தாறு மாடி துடைக்கிறன்,
ஒருத்தனும் எனக்குக் கதவு பிடிச்சதில்லை.
அதோட எங்கட ஊரில
நாங்கள் எண்டா எல்லாருந்தான்.
நீங்கள்தான் அதை ரெண்டாப் பிளந்து
உள்ளுக்கு ஆர், வெளியில ஆர் எண்டு பாக்கிறியள்.

இங்கிலீஷில் எழுதினால் வில்லங்கமில்லை,
ஒரே சொல், என்றாள் யதுர்ஷினி.
இருபத்திரண்டு வயது, எல்லாவற்றுக்கும் அவசரம்.
'வீ ஆர் ஃபமிலி' எண்டு மெயில் போட்டிட்டு
சனிக்கிழமைச் சம்பளத்தை வெட்டினது
அந்த ஒரே சொல்தானே பிள்ளை.

முதல் சொல்லுக்கு இடம் விட்டு
மிச்சத்தை எழுதினேன்.
சாவிக்கொத்து வைத்திருப்பவர் சந்தேகத்துக்குரியவர் அல்ல.
முழங்கால் நோவு கூலியில் அடக்கம் அல்ல.
பெயர் வாயில் நுழையாவிட்டால் கேட்க வேண்டும், வெட்டக்கூடாது
(செண்பகவல்லியை ஷாம்பு என்கிறார்கள்).
கழிவறைக் கண்ணாடியில் லிப்ஸ்டிக்கால் எழுதாதீர்
என்பதை வாக்கெடுப்புக்கு விட்டோம்.
தோற்றது.

தவமலர் மட்டும் பேசவில்லை.
கச்சான் கோதுகளை மேசையில் வரிசையாக அடுக்கினாள்,
அடுக்கியதை வழித்துக் குப்பையில் போட்டாள்,
பிறகு முழு மேசையையும் துடைத்தாள்.
நூலகர் கண்ணாடியில் தட்டி
ஐந்து விரல் காட்டியபோது சொன்னாள்:
திங்களில இருந்து நான் சுப்பர்வைசர்.

ஓமெண்டிட்டியா?

மகன்ர பல்லுக்குக் கம்பி
ஏழாயிரம் டொலர்.

யாரும் வாழ்த்தவில்லை, திட்டவுமில்லை.
ஹீட்டர் நின்றுபோனது கேட்டது.

கௌரி அக்கா தாளைத் தன் பக்கம் திருப்பினார்.
நான் விட்டிருந்த இடத்தை,
தரை காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதைப்போல்
ஒரு விரலால் தொட்டார்.
இப்ப எழுது.
எதையக்கா?
அவர் தவமலரைப் பார்த்தார்.
தவமலர் தாளைப் பார்த்தாள்.

'நா' என்று எழுதினேன்.
அதுவரை இரண்டும் ஒன்றுதான்.
'நான்' கூட அப்படித்தான் தொடங்கும், என்று
யதுர்ஷினி வாயெடுக்க
விளக்கு அணைந்தது.

நகரத்துக்குப் போகும் ரயிலில்
ஒரே பெட்டியில்தான் ஏறினோம், வேலைக்கு.
நாலு பேர் இந்தப் பக்கம், நெருக்கியடித்து.
தவமலர் எதிர் இருக்கையில்,
பையைப் பக்கத்தில் வைக்காமல்
மடியில் பிடித்தபடி,
இடம் விட்டு.