பதினான்காம் நாள் அளவு

கத்தரியை நோய்க்கரைசலில் தோய்த்து
இலைநுனியை வெட்டுவது என் வேலை.
செடிக்கு ஐந்து இலை.
நூற்றிருபது செடி.
மணிக்கட்டு கடுக்கும்போது எண்ணிக்கை பிசகும்.
பிசகினால் டாக்டர் நஹ்லா திட்டமாட்டார்,
முதலிலிருந்து எண்ணுவார்.
அதற்குத் திட்டே தேவலை.

வெளியே ஹுஃபூஃப், நாற்பத்தேழு டிகிரி.
ஈச்சந்தோப்புக்கு அப்பால் மணல் வெளுத்து எரிகிறது.
கண்ணாடிக்கு உள்ளே முப்பது,
காசு கொடுத்து ஓட்டும் ஐப்பசி.
பம்ப் இருமும், பிறகு பனிப்புகை வரும்.
நோய்க்கு ஈரம் வேண்டும்.
அது கேட்டதையெல்லாம் கொடுத்துவிட்டுத்தான்
செடியைப் பார்த்துக் கேட்கிறோம்,
நீ என்ன செய்வாய் என்று.

எட்டாம் வரிசை ஒன்றும் செய்யவில்லை.
வெட்டுவாய் வழியே கிருமி
நீர் ஏறும் குழாயில் இறங்கி,
பக்கத்துச் செல்லுக்குள்
ஒரு புரதத்தை ஊசியாக ஏற்றியது.
அது உட்கருவரை போய்
மரபணுவின் தலைமாட்டில்
செடியின் கையெழுத்தைச் செடி போலவே போட்டது.
சர்க்கரைக் கதவு திறந்துகொண்டது.
கதவைச் சொல்லி என்ன?
உத்தரவு சரியாகத்தானே இருந்தது.
பதினான்காம் நாள் அளவுகோலை வைத்தேன்:
இருபத்தொரு சென்டிமீட்டர்,
வைக்கோல் நிறம், ஓரம் அலையலையாக.
விடிகாலையில் அதன்மேல் மஞ்சள் முத்துகள்,
எல்லாம் கிருமி.
அழகு என்று சொல்லக் கூடாது.
சொல்லிவிட்டேன்.

உள்ளூர்ச் சிவப்பு நெல் பத்து சென்டிமீட்டர்.
எதிலும் சேரவில்லை.
நஹ்லா கேள்விக்குறி போட்டுவைத்தார்.

பதினொன்றாம் வரிசையில்
வருஷம் முழுக்கச் சும்மா கிடக்கும் மரபணு ஒன்று.
சம்பளப் பட்டியலில் பெயர் இருக்கிறது,
யாரும் வேலை செய்து பார்த்ததில்லை.
ஆனால் அந்தக் கள்ளக் கையெழுத்துக்கென்றே
வாசலில் ஒரு கோடு போட்டுக் காத்திருக்கிறது.
கிருமி வந்து, வழக்கம்போல், அதில் போட்டது.
சர்க்கரை திறக்கவில்லை.
அந்தச் செல் செத்தது.
ஒட்டியிருந்தவை செத்தன.
விருந்துக்கு வந்தது
காய்ந்த சுவர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டது.
ஒன்றரை சென்டிமீட்டர்.
பழுப்பாய் ஒரு வடு, அதற்குக் கீழே இலை முழுக்கப் பச்சை.
நஹ்லா மூன்று முறை அளந்தார்.
‘எதிர்ப்பு உண்டு’ என்று எழுதச் சொன்னார்.
எழுதினேன்.

அன்று சாயங்காலம்தான்
ஏசுவடியானுக்கு மெடிக்கல் ரிசல்ட் வந்தது.
பம்ப் ரூமில் சேர்ந்து எழுபது நாள்.
இக்காமாவுக்கு எடுத்த எக்ஸ்ரேயில்
வலது நுரையீரலின் மேல்பக்கம் மிளகளவு தழும்பு,
சுண்ணாம்பாய் இறுகியது.
ஒன்பது வயதில் வந்த காசம்.
சளியில் ஒன்றுமில்லை, ரத்தத்தில் ஒன்றுமில்லை,
படத்தில் இருக்கிறது.
தகுதியில்லை.
வியாழக்கிழமை விமானம்.

“அக்கா, செடியில நீங்க அளக்குறதும்
இதத்தானே?” என்றான்.

ஆமாம் என்றேன்.
உடனே, இல்லை என்றேன்.
உள்ளே வந்ததைச் சுற்றி
அவன் உடம்பு தன்னில் கொஞ்சத்தைச் சாகக் கொடுத்துச்
சுவர் எழுப்பியிருக்கிறது.
இருபத்தாறு வருஷமாக நிற்கிறது.
இதை அரபியில் எந்தக் கவுன்டரில் சொல்வது?
அவன் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

வியாழன் காலை
எட்டாம் வரிசையை வேரோடு பிடுங்கி
உறையில் கட்டி
நூற்றிருபத்தொரு டிகிரியில் அவித்தோம்.
பதினொன்றை விதைக்கு விட்டாயிற்று.
வடு விழுந்த இலையை நறுக்கிவிடட்டுமா என்று கேட்டேன்.
இருக்கட்டும் என்றார் நஹ்லா,
கதிர் வரும்போது அடையாளத்துக்கு வேண்டும்.

பனிப்புகை பதினொரு நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது.
முந்தின ராத்திரி வால்வை மாற்றிவிட்டுப் போயிருக்கிறான்.
பம்ப் இப்போது இருமுவதில்லை.