படிக்க மட்டும்

குலசேகரம் சந்தை ரோட்டில் வேதமணி ரப்பர்ஸ்.
பின்னால் புகைக்கூடம், முன்னால் ஆசிட் நெடி,
நடுவில் ஒரு மேசை,
பாலித்தீன் உறை கழற்றாத கீபோர்டோடு
புதுக் கம்ப்யூட்டர்.

"பழைய கணக்கு அந்தப் பெட்டியில கெடக்கு,
பில் போடுகது இதுல.
ரெண்டும் தம்மில பேசமாட்டேங்கு" என்றார் முதலாளி,
சம்பந்தி வீட்டு வழக்கைச் சொல்வதுபோல.

மார்த்தாண்டத்திலிருந்து வந்திருந்தேன்.
அருமனை தாண்டியும் மழை விடவில்லை.
குடையைச் சாக்கின் மேல் விரித்துவிட்டு
மவுஸைத் தொட்டேன்.

டிரைவர் போடணும் என்றதும்
"எவன் வருவான்?" என்று வாசலைப் பார்த்தார்.
ஆள் இல்லை அண்ணாச்சி.
இங்கே கேட்பதை அங்கே சொல்லி
அங்கே தருவதை இங்கே கொண்டுவரும்
ஒரு சின்ன புரோகிராம்.
"தரகன்" என்றார்.
மறுக்க வார்த்தை கிடைக்கவில்லை எனக்கு.

நிறுவியாயிற்று.
பட்டியலில் ஏறி இறங்கிப் பார்க்கிறேன்,
இப்போது போட்ட டிரைவரைக் காணோம்.
பழைய கணக்குக்கு முப்பத்திரண்டு பிட்.
திறந்து வைத்திருப்பதோ அறுபத்துநான்கின் ஜன்னல்.
போகட்டும், மற்ற ஜன்னல் எங்கே?
முப்பத்திரண்டு என்று பேர் எழுதிய ஃபோல்டரில்
அறுபத்துநான்கு குடியிருக்கிறது.
அறுபத்துநான்கு என்று எழுதியதில் முப்பத்திரண்டு.
புதுக்கடையில் என் மாமாவின் கடைக்கு
வயது தொண்ணூறு.
பெயர்ப்பலகையை நம்பி நான் எங்கும் இறங்குவதில்லை.

அடுத்து பாஸ்வேர்டு.
"அது ஜெபஷைனிக்குத்தான் தெரியும்.
கணக்கு எழுதினவ. குவைத்துக்குப் போனாச்சு."
நம்பரை வாங்கி மெசேஜ் போட்டேன்.
சாயா வந்தது, ஆறியது.
கரண்ட் ஒருமுறை போய்
யுபிஎஸ் கீச்கீச்சென்று கத்தி அடங்கியது.
பிறகு அவள் குரல், ஆஸ்பத்திரி சத்தத்துக்கு நடுவே:
"ஒண்ணுமில்லக்கா,
ஸ்பேஸ் பாரை ஒரு தட்டு தட்டுங்க. அவ்வளவாக்கும்.
பின்ன,
உள்ள ரெண்டு காலம் இருக்கும். பாத்துக்கிடுங்க."

தட்டினேன்.
டெஸ்ட் கனெக்‌ஷன்.
மணல்கடிகை சுற்றி, நின்று, சுற்றி,
இணைப்பு வெற்றி என்றது.
ஸ்தோத்திரம் என்றார் முதலாளி.

நாலாயிரத்துச் சொச்சம் வரிகள்.
தேதி, பேர், பால் எத்தனை கிலோ,
அதில் ரப்பர் எத்தனை சதவீதம்.
சதவீதத்துக்கு இரண்டு காலம்.
அன்னப்பழம், முப்பத்தாறு, முப்பத்திமூன்று.
அன்னப்பழம், முப்பத்தைந்து, முப்பத்திரண்டு.
அன்னப்பழம், முப்பத்தேழு, முப்பத்திமூன்று.
மழைக்காலம், வெயில்காலம்,
துக்கவெள்ளிக்கு முந்தின நாள்.
கருவி சொன்னது முதல் காலம்.
காசு கொடுத்தது இரண்டாவதற்கு.

"ரெண்டாவது மதி" என்றார்
என் தோளுக்குப் பின்னாலிருந்து.
"முதல்ல உள்ளது கருவியில தண்ணி பட்டதாக்கும்."
மூன்று வருஷமாக தினமும் பட்ட தண்ணீர்.

வெளியே ஒரு பெண்
காலி கேனைக் கவிழ்த்து
குழாயடியில் கழுவிக்கொண்டிருந்தாள்.
பேரைக் கேட்கலாமா என்று நினைத்தேன்.
கேட்கவில்லை.
மாதத்துக்கு இரண்டு முறை
இந்தக் கடை எனக்கு வேலை தருகிறது.

மூலையில் ஒரு சின்னக் கட்டம்: படிக்க மட்டும்.
டிக் செய்தேன்.
இனி இந்த மேசையிலிருந்து
அந்த வரிகளை அழிக்க முடியாது, திருத்தவும் முடியாது.
இதை அவரிடம் சொல்லவில்லை.
வைரஸ் வராமலிருக்கவா என்று அவரே கேட்டு
அவரே தலையாட்டிக்கொண்டார்.

கடைசியாக, இணைப்புக்கு ஒரு பெயர்.
"என்ன பேரானாலும் போடு பிள்ளே."
அன்னப்பழம் என்று அடித்தேன்.
காலையில் பில் போட உட்காருகிறவன் எவனும்
இந்தப் பேரைத் தொட்டுத்தான்
உள்ளே போக வேண்டும்.
அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள்
ஜன்னலை மூடியிருந்தேன்.

எண்ணூறு சொன்னேன்.
டிராயரைத் திறந்து,
விரலை நாக்கில் நனைத்து,
இரண்டு முறை எண்ணி,
மடித்துத் தந்தார்.

அருமனை தாண்டி, டிக்கெட்டுக்குச் சில்லறை எடுக்கும்போது
பிரித்துப் பார்த்தேன்.
எழுநூற்றைம்பது.