அரைப்பேர்

மெழுகுக் கட்டியில் வந்து சேர்ந்தபோது
கமலவேணி, வயது ஐம்பத்திரண்டு, நோர்வூட்,
ஒரு நெல்மணி நீளம் இருந்தாள்.
வலது நுரையீரலின் மேல்மடலில்
ஊசி கிள்ளி எடுத்தது அவ்வளவுதான்.

அதை மூன்று மைக்ரோன் தடிப்பில் சீவி
வெந்நீரில் மிதக்கவிட்டு
கண்ணாடியில் ஏந்திக்கொண்டோம்.
பிறகு பிரஷர் குக்கர்.
சிரிக்க வேண்டாம், பருப்பு வேகிற அதே குக்கர்தான்.
ஃபோமலினில் முறுக்கிக்கொண்ட புரதங்கள்
அந்தச் சூட்டில்தான் முகம் காட்டும்.
கண்டியில் அன்று இரண்டு தடவை கரண்ட் போனது.
மூன்றாம் தடவை விசில் வந்தது.

முதல் கண்ணாடி டிடிஎஃப்-ஒன்று.
கருக்கள் எல்லாம் கபில நிறம்.
நுரையீரலிலேயே பிறந்த கட்டி,
பிறந்த இடத்தை இன்னும் மறக்கவில்லை.
மறக்காதவை கொஞ்சம் மெதுவாக நடக்கும் என்று
படித்திருக்கிறேன். கொஞ்சம் சந்தோஷப்பட்டேன்.

அடுத்தது கேஐ-அறுபத்தேழு.
நூற்றுக்கு முப்பத்தைந்து கருக்கள்
இரண்டாகப் பிளக்கிற அவசரத்தில்.
சந்தோஷத்தை எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

மூன்றாவது பிடி-எல்-ஒன்று.
ஐம்பது வீதத்தைத் தொட்டால்
அந்தப் புது ஊசிக்கு மனுப் போடலாம்.
தொடாவிட்டால் பழைய மருந்து,
பழைய வாந்தி, தலையணையில் முடி.

எண்ணினேன். நாற்பத்தேழு.
மேடையை நகர்த்தி எண்ணினேன். நாற்பத்தாறு.
கண்ணைத் துடைத்துவிட்டு எண்ணினேன்.
நாற்பத்தேழு.

இடையிடையே உருண்டையாகச் சில செல்கள்
நல்ல சாயத்தண்ணி நிறத்தில்,
வயிறு நிறையக் கரித்தூள்.
தூசுதின்னிகள்.
லயத்து அடுப்புப் புகையை
முப்பது வருஷம் விழுங்கிக்கொண்டு
அவளுக்காகக் காவல் நின்றவை.
அவற்றையும் சேர்த்தால் ஐம்பத்திரண்டு.

சேர்க்கக்கூடாது. அவை கட்டி இல்லை.
டொக்டர் எக்கநாயக்க எதிர்க்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
நான் நகரும் வரை
அவரும் நகரவில்லை.

எனக்குத் தெரிந்த தராசுதான் இது.
மடுவத்தில் ஈரத்துக்கு இரண்டு கிலோ,
சாக்குக்கு ஒன்று என்று கழித்தபின்
பதினெட்டுக்கு ஒன்று குறைந்தால்
பேருக்கு நேரே பாதி விழும்.
அம்மா அதைப் பற்றி வீட்டில் பேசமாட்டாள்.
அன்றைக்கு மட்டும் சட்டியைச் சத்தமாகக் கழுவுவாள்.

வெளியே வாங்கில் சன்னாசி.
விடியுமுன் பஸ் ஏறி வந்தவர்,
மடியில் எக்ஸ்ரே உறை,
அதன்மேல் பாண் சுற்றிய பேப்பர்.
"டொக்டர்தான் சொல்லுவாங்க ஐயா" என்றேன்.
தலையாட்டினார்.
"பீடி குடிச்சது நானுங்க.
அவ ஒருநாளும் தொட்டதில்ல."

ஒரு தள்ளுவண்டி போனது. நீளமான நடை அது,
சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே போய் முடிய
நேரம் எடுத்தது.
பிறகு கேட்டார்:
"முழுப்பேர் விழுமுங்களா, அரைப்பேரா?"

முன்கணிப்பு என்றுதான் எங்களுக்குப் படிப்பித்தார்கள்.
இவ்வளவு சரியான சொல் இருந்தது
அவர்களுக்குத் தெரியாது.

நாற்பத்தேழு என்று நான் எழுதிய தாள்
உள்ளே கையெழுத்துக்குக் கிடந்தது.
"வியாழக்கிழமை வாங்க" என்றேன்.
விரல் மடித்து எண்ணினார்.
"வியாழன் வந்தா பேர் போயிருமுங்களே."
பரவாயில்லை என்று அவரே சொல்லிக்கொண்டு
உறையை நெஞ்சோடு அணைத்து
படியிறங்கினார், மழைக்குள்.

உள்ளே போய் அந்தக் கண்ணாடியை
மறுபடி மேடையில் வைத்தேன்.
எண்ணுவதற்கு அல்ல.
கரி சுமந்தபடி அங்கேயே நின்றன
கணக்கில் வராதவை.